‘டேக் த டவல்’ என்றதும் விருந்தாளி ஏன் பதறினார்?

தம்பி, உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தானில் ஒரு பழைய நகரத்தார் வீட்டை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள், அங்கே வரவேற்பு மேசையில் இருக்கிறீர்கள். இங்கிலாந்திலிருந்து வந்து தங்கியிருந்த ஓர் அம்மையார் ரூமிலிருந்து போன் போட்டு டவல் கேட்டார். நீங்கள் ரொம்பப் பணிவாக, ‘ஐ வில் கோ டு யுவர் ரூம் அண்ட் டேக் த டவல்’ என்றீர்கள். அவர் பதறிப்போய் ‘நோ நோ, டோன்ட் டேக் எனிதிங்’ என்றார். மானேஜர் அப்புறம் வந்து, ‘கம், பிரிங்னு சொல்லணும்ப்பா’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார், ஏன் என்று சொல்லவில்லை. அதனால் கம்-கோ, பிரிங்-டேக், ரீச்-அரைவ் இதற்கெல்லாம் ஒரு ஃபார்முலா கேட்கிறீர்கள். என் கணக்கில் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு ஒன்று: ‘நான் எந்த இடத்தில் நின்றுகொண்டு பேசுவதாக வைத்துக்கொண்டு இந்தச் சொற்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?’ இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மேலே சொன்னவற்றில் பாதி தானாகச் சரியாகிவிடும். மீதிப் பாதி வெறும் பழக்கம், அதற்கு ஃபார்முலா கிடையாது.

நான் காரைக்குடியில் பல வருஷம் ஆங்கிலப் பாடம் எடுத்தவன். இப்போது உங்களைப் போல விடுதிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மொழியியல் ஆராய்ச்சியாளன் கிடையாது, வகுப்பில் அடிபட்டுத் தெரிந்துகொண்டதும் கொஞ்சம் படித்ததும்தான். எது இலக்கணம், எது ஊருக்கு ஊர் மாறும் வழக்கம், எது என் சொந்த அபிப்பிராயம் என்று பிரித்தே சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? என்னை நோக்கி வந்தால் ‘கம்’, என்னை விட்டுப் போனால் ‘கோ’. இது பாதி விதி, உங்களை மாட்டிவிட்டதும் இதுதான். மேசையிலிருந்து கிளம்பி ரூமுக்குப் போகிறீர்கள், உங்களை விட்டு விலகுகிற திசை, ஆகவே ‘கோ’ என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. ஆனால் அதே அம்மையாரின் இடத்தில் ஒரு ஆச்சி இருந்து, தமிழில் டவல் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ‘இந்தா வாரேன் ஆச்சி, டவல் கொண்டு வாரேன்’ என்றுதானே? ‘உங்க ரூமுக்குப் போறேன் ஆச்சி’ என்று யாராவது சொல்வார்களா? சொன்னால் ஆச்சியும் முறைத்திருப்பார். அதாவது உங்கள் தமிழை அப்படியே ஆங்கிலத்தில் போட்டிருந்தால் ‘ஐ வில் கம், ஐ வில் பிரிங்’ என்று சரியாகவே வந்திருக்கும். பள்ளிக்கூட விதிதான் நடுவில் புகுந்து கெடுத்தது.

இது ஏதோ தற்செயலான ஒற்றுமை என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியத்தில், சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இதற்கு விதி இருக்கிறது. செலவு (போவது), வரவு (வருவது), தரவு (தருவது), கொடை (கொடுப்பது) என்று நான்கை எடுத்துக்கொண்டு, வருவதும் தருவதும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, மற்ற இரண்டும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியர் பிரிக்கிறார். எளிமையாகச் சொன்னால், என்னிடம் வந்தாலும் உன்னிடம் வந்தாலும் ‘வா’தான், அவனிடம் என்றால்தான் ‘செல்’. இதில் தா-கொடு பகுதி இன்றைய பேச்சில் தளர்ந்துவிட்டது, ‘எனக்குக் கொடு’ என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். வா-போ பகுதி அப்படியே நிற்கிறது. ஆங்கில ‘கம்’ ஏறக்குறைய இந்த விதிப்படிதான் நடக்கிறது. பேசுகிறவர் இருக்கும் இடம், கேட்கிறவர் இருக்கும் இடம், இரண்டில் எதை நோக்கிப் போனாலும் ‘கம்’.

அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர் 1971-இல் கலிபோர்னியாவின் சாண்டா க்ரூஸில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இந்த இரண்டு சொல்லையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அவர் சொன்னதில் உங்களுக்கு வேண்டியது இது: ‘கோ’வுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடுதான், பேசுகிறவர் இப்போது அந்த இடத்தில் இருக்கக் கூடாது. கேட்கிறவர் அங்கே இருக்கிறாரா இல்லையா என்பது ‘கோ’வுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆகவே ‘ஐ வில் கோ டு யுவர் ரூம்’ என்பது இலக்கணப்படி தப்பே இல்லை. ஆனால் கேட்கிறவர் அங்கே இருந்தால் ‘கம்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நீங்கள் ‘கோ’ என்றதும் அவர் காதில், ‘நீங்கள் ரூமில் இல்லாத நேரம் பார்த்துப் போகிறேன்’ என்ற தொனி விழுந்துவிடுகிறது. அதற்கு மேல் ‘டேக் த டவல்’ வேறு. ‘டேக்’குக்குப் பின்னால் எங்கே என்று சொல்லாமல் விட்டால் அது ‘கொண்டுபோ’ ஆவதில்லை, ‘எடுத்துக்கொள்’ ஆகிவிடும். ஆக அந்த அம்மையாருக்குக் கேட்டது, தான் இல்லாதபோது யாரோ ரூமுக்குள் போய் இருக்கிற டவலையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பது. பதறாமல் என்ன செய்வார்! ‘ஐ வில் பிரிங் யூ எ டவல்’ என்றால் முடிந்தது, ‘கம்’கூடத் தேவையில்லை. அங்கே ‘த டவல்’ என்றதும் ஒரு சின்னக் கோளாறுதான், ‘த’ போட்டால் ஏற்கெனவே அங்கே இருக்கிற அந்த டவல் என்று அர்த்தமாகிவிடுகிறது.

அதே நேரத்தில் பக்கத்தில் நிற்கிற ரூம் பாயிடம் சொல்லும்போது சொல் மாற வேண்டும். ‘ஐ ஆம் கோயிங் டு ரூம் ஃபோர், ஐ ஆம் டேக்கிங் எ டவல் டு ஹெர்.’ நடப்பது ஒன்றுதான், கால் அதே படியில்தான் ஏறுகிறது. யாரிடம் சொல்கிறோம் என்பது மாறியதும் வினையும் மாறிவிட்டது. பிரிங்-டேக் ஜோடி கம்-கோ ஜோடியின் நிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள், ‘கம்’ வருகிற இடத்தில் கையில் பொருள் இருந்தால் ‘பிரிங்’, ‘கோ’ வருகிற இடத்தில் இருந்தால் ‘டேக்’. நாம் பொருளுக்குக் ‘கொண்டு’ என்றும் ஆளுக்குக் ‘கூட்டிக்கொண்டு’ என்றும் பிரிக்கிறோம், ஆங்கிலத்தில் அந்தப் பேதம் கிடையாது. ‘ஐ வில் டேக் யூ டு ஆத்தங்குடி’ என்றால் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அர்த்தம். கூடவே வருகிற இன்னும் இரண்டு சொற்கள்: ‘ஃபெட்ச்’ என்றால் போய் எடுத்துக்கொண்டு வருவது, போக்கும் வரத்தும் சேர்ந்தது. ‘கேரி’ என்றால் சுமப்பது மட்டும், திசையே கிடையாது. பெட்டியைத் தூக்க வருகிறவர் ‘மே ஐ கேரி யுவர் பேக்?’ என்று கேட்கலாம். ‘மே ஐ டேக் யுவர் பேக்?’ என்பதும் சரிதான், பெட்டியை நோக்கிக் கை நீட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு கேட்டால்.

மூன்றாவது இடம் ஒன்று வரும்போதுதான் பிள்ளைகள் திணறுகிறார்கள். நீங்களும் அங்கே இல்லை, கேட்கிறவரும் அங்கே இல்லை, நாளைக்குப் பிள்ளையார்பட்டிக்குப் போவது பற்றிப் பேச்சு. ‘ஆர் யூ கோயிங் டு பிள்ளையார்பட்டி?’ என்றால் நான் வரவில்லை, உங்கள் திட்டத்தைக் கேட்கிறேன். ‘ஆர் யூ கமிங் டு பிள்ளையார்பட்டி?’ என்றால் நான் போகிறேன், அல்லது அந்த நேரத்தில் அங்கே இருப்பேன், நீங்களும் சேர்ந்துகொள்கிறீர்களா என்று அர்த்தம். தமிழில் ‘கல்யாணத்துக்குப் போறீங்களா’ என்பதற்கும் ‘கல்யாணத்துக்கு வாரீங்களா’ என்பதற்கும் உள்ள வித்தியாசமேதான், இங்கேயும் தமிழை நம்பலாம். ஒருவருடைய வீடு என்றால் அந்த நேரத்தில் ஆள் அங்கே இல்லாவிட்டாலும் ‘கம்’ சொல்லலாம் என்பதையும் ஃபில்மோர் எடுத்துக் காட்டுகிறார்: ‘நேற்று வீட்டுக்கு வந்தாராம், நான்தான் இல்லை’ என்கிறோமே, அது போல. கதை எழுதுகிறவர்கள் இதை வைத்து இன்னும் விளையாடுவார்கள், யார் கண் வழியாகக் கதை நகர்கிறதோ அவர் இருக்கும் பக்கத்துக்குக் ‘கம்’ போட்டுவிடுவார்கள். விடுதியில் உங்களுக்கு அது வேண்டியதில்லை.

ஆனால் தமிழை நம்பி ஏமாறக்கூடிய ஓரிடம் இருக்கிறது, நேரம் சொல்லும்போது. ‘ஹி கேம் ஹோம் அட் டென்’ என்றால் பத்து மணிக்கு வீட்டுக்குள் கால் வைத்துவிட்டார். ‘ஹி வென்ட் ஹோம் அட் டென்’ என்றால் பத்து மணிக்கு இங்கிருந்து கிளம்பினார், வீடு போய்ச் சேர்ந்தது எப்போதோ. ‘கம்’மில் மணி சேருமிடத்துக்கு, ‘கோ’வில் மணி புறப்படும் இடத்துக்கு. நாம் ‘பத்து மணிக்கு வீட்டுக்குப் போனார்’ என்பதை இரண்டு அர்த்தத்திலும் சொல்லிவிடுவோம். விருந்தாளியிடம் ‘த கார் வில் கோ டு மதுரை ஏர்போர்ட் அட் ஃபோர்’ என்றால் நாலு மணிக்குக் கார் இங்கிருந்து கிளம்பும் என்றுதான் எடுத்துக்கொள்வார். நீங்கள் நினைத்தது நாலு மணிக்கு ஏர்போர்ட்டில் இருக்கும் என்பதாக இருந்தால், காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேர ஓட்டம், ஃப்ளைட் போயேபோய்விடும். இந்த மாதிரி இடங்களில் ‘லீவ்ஸ் ஹியர் அட்’, ‘கெட்ஸ் தேர் அட்’ என்று இரண்டு மணியையும் தனித்தனியாகச் சொல்லிவிடுவது நல்லது.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. இனி ஊர்வழக்கு. ‘பிரிங்’கை ஆங்கிலம் பேசுகிற எல்லோரும் இந்த விதிப்படி பேசுவதில்லை. அயர்லாந்துக்காரர்கள் ‘டேக்’ சொல்ல வேண்டிய இடத்தில் சர்வசாதாரணமாக ‘பிரிங்’ போடுவார்கள், பிள்ளைகளை ஸ்கூலுக்கு ‘பிரிங்’ பண்ணுகிறேன் என்பார்கள். அமெரிக்காவிலும் பலர் ‘பிரிங்’கை இப்படித் தாராளமாகப் புழங்குகிறார்கள். ஆகவே விருந்தாளி வாயிலிருந்து அப்படி வந்தால் அவரைத் திருத்தவும் வேண்டாம், நம் விதி தப்போ என்று குழம்பவும் வேண்டாம். நீங்கள் மட்டும் பழைய விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது எந்த நாட்டுக்காரர் காதுக்கும் உறுத்தாது.

அடுத்தது நீங்கள் கேட்காதது, ஆனால் உங்கள் வேலையில் தினமும் நடப்பது. வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொன்னால் நம் வீடுகளில் திட்டு விழும், ‘போய்ட்டு வாரேன்’ அல்லது வெறும் ‘வாரேன்’தான். அந்தப் பழக்கத்தில் பையன்கள் விருந்தாளியிடம் ‘ஐ ஆம் கமிங் சார்’ என்று சொல்லிவிட்டு எதிர்த்திசையில் நடந்து போகிறார்கள். அவருக்கு ஒன்றும் புரிவதில்லை, இவன் என்ன வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே போகிறான் என்று. திரும்பி வருவதாக இருந்தால் ‘ஐ வில் பி ரைட் பேக்’. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக் கிளம்புவதாக இருந்தால் ‘ஐ ஆம் ஆஃப் நௌ, சீ யூ டுமாரோ’. விருந்தாளி ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பும்போது ‘கோ அண்ட் கம் மேடம்’ என்று ஒரு பையன் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். நல்ல மனசுதான், ஆனால் ஆங்கிலத்தில் அது ஏவல் மாதிரி விழுகிறது. ‘என்ஜாய் யுவர் டே’ போதும். அப்புறம், நாம் இன்னும் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே போனில் ‘வந்துக்கிட்டே இருக்கேன்’ என்போம், அதை ‘ஐ ஆம் ஆன் மை வே’ என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் ஊரில் அப்படிச் சொன்னால் ஆள் ரோட்டில் இருக்கிறார் என்று அர்த்தம்!

ரீச், அரைவ், கெட் மூன்றும் சேருவதுதான். இலக்கண வித்தியாசம் தெளிவானது. ‘ரீச்’சுக்குப் பின்னால் இடம் நேராக வர வேண்டும், நடுவில் ‘டு’ கிடையாது: ‘வி ரீச்ட் காரைக்குடி’. ‘அரைவ்’ நேராக இடத்தைப் பிடிக்காது, நடுவில் ‘இன்’ அல்லது ‘அட்’ கேட்கும், ஊர், நாடு என்றால் ‘இன்’, ஸ்டேஷன், விடுதி மாதிரி ஒரு புள்ளி என்றால் ‘அட்’. ‘அரைவ் டு’ என்று ஒன்று கிடையவே கிடையாது. ‘கெட்’டுக்கு ‘டு’ வேண்டும், ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ வந்தால் மட்டும் வேண்டாம். குணமும் கொஞ்சம் வேறு. ‘ரீச்’சில் தூரமோ சிரமமோ ஒரு சாயல் இருக்கும், மலை உச்சிக்கும் நடைப்பயண முடிவுக்கும் பொருந்தும். ‘அரைவ்’ கால அட்டவணைச் சொல், ரயிலும் விமானமும் தபாலும் ‘அரைவ்’ ஆகும். பேச்சில் எல்லோரும் சொல்வது ‘கெட்’தான். ‘வாட் டைம் டிட் யூ கெட் ஹியர்?’ என்று விருந்தாளியைக் கேளுங்கள், இயல்பாக இருக்கும். நாம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ‘ரீச்ட்’ என்று ஒற்றைச் சொல்லில் மெசேஜ் போடுகிறோமே, அது நம் நாட்டு ஆங்கிலம். நமக்குள் அதில் ஒரு குறையும் இல்லை, அதைத் தப்பு என்று சிவப்பு மையால் அடிக்கும் வாத்தியார்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் ‘ஐ ஆம் ஹோம்’ அல்லது ‘காட் ஹோம் சேஃப்லி’.

‘லீவ்’ ஒரு பொல்லாத சொல். ‘ஐ லெஃப்ட் சென்னை’ என்றால் சென்னையை விட்டுக் கிளம்பினேன், ‘ஐ லெஃப்ட் ஃபார் சென்னை’ என்றால் சென்னைக்குக் கிளம்பினேன். ‘ஃபார்’ என்ற ஒரு சொல் ஆளைத் திருப்பி எதிர்த்திசையில் நிறுத்திவிடும். ‘லெஃப்ட் டு சென்னை’ என்று நம் ஊரில் அதிகம் கேட்கிறேன், அதை விட்டுவிடுங்கள். ‘பஸ் ஸ்டாண்டுல விட்டுடுங்க’ என்பதை ‘லீவ் மீ அட் த பஸ் ஸ்டாண்ட்’ என்று சொன்னால் கைவிட்டுவிட்டுப் போங்கள் என்பது போல் ஆகிவிடும், ‘டிராப் மீ’ என்பதுதான் சொல்ல வேண்டியது. ‘டிபார்ட்’ அறிவிப்புப் பலகைக்கு மட்டும். ‘ரிடர்ன்’னிலேயே திரும்புதல் இருக்கிறது, பின்னால் ‘பேக்’ ஒட்ட வேண்டாம்.

வண்டி ஏறுவது இறங்குவதும் சுருக்கமாக. நமக்கு எல்லாமே ஏறுதல்தான். அவர்களுக்குக் காரிலும் ஆட்டோவிலும் ‘கெட் இன்’, இறங்க ‘கெட் அவுட்’. பஸ், ரயில், விமானத்தில் ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டி என்றால் ‘ஆன்’ என்று வகுப்பில் சொல்வேன், குறிப்புக்கு அது உதவும். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ‘ஆன்’தான், மேலே உட்காருவதால். ‘கெட் டவுன் ஃப்ரம் த பஸ்’ நம் நாட்டு வழக்கு, வெள்ளைக்காரருக்குப் புரியும், கொஞ்சம் விநோதமாகப் படும். ‘கிளைம்’ என்றால் கையும் காலும் பாடுபடும் ஏற்றம். மாடிக்குப் போக ‘கோ அப்ஸ்டேர்ஸ்’ சாதாரணம், வயதான விருந்தாளியிடம் ‘யூ ஹேவ் டு கிளைம் த ஸ்டேர்ஸ்’ என்றால் படி செங்குத்தாக இருக்கிறது என்று எச்சரிக்கிறீர்கள். உங்கள் விடுதியின் மொட்டை மாடிப் படிக்கு அநேகமாக அதுதான் பொருத்தம்.

‘கான்’, ‘பீன்’ இரண்டையும் வீட்டைச் சுற்றிக் காட்டும் பிள்ளைகள் கட்டாயம் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுக் கதை எல்லாமே பர்மா போனது, மலாயா போனது, சிங்கப்பூர் போனது என்றுதான் ஆரம்பிக்கிறது. முதலாளியின் மகனைப் பற்றி ‘ஹி ஹேஸ் கான் டு சிங்கப்பூர்’ என்றால் இப்போது அங்கே இருக்கிறார். ‘ஹி ஹேஸ் பீன் டு சிங்கப்பூர்’ என்றால் போய்விட்டு வந்துவிட்டார். காலம் சென்ற பாட்டனாரைப் பற்றி இரண்டுமே சொல்லக் கூடாது, ‘ஹி வென்ட் டு பர்மா’ என்று இறந்தகாலம்தான்.

இப்போது நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: ‘நடப்பதற்கு மட்டும் ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொல்?’ லெனார்ட் டால்மி என்ற மொழியியலாளர் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில் மொழிகளை ஒரு வகையாகப் பிரித்தார். சில மொழிகளில் எந்த வழியே, எந்தப் பக்கம் என்பது வினைக்குள் இருக்கும். சிலவற்றில் எப்படி நகர்ந்தார் என்பது வினைக்குள் ஏறிக்கொள்ளும், வழி மட்டும் பக்கத்தில் ஒரு குட்டிச் சொல்லாக ஒட்டும். ஆங்கிலம் இரண்டாவது வகை. ‘ஓடி வந்தான்’ என்று நாம் சொல்லும்போது எப்படி என்பது ‘ஓடி’ என்ற வினையெச்சத்திலும், திசை ‘வந்தான்’ என்ற முற்றிலும் இருக்கிறது. அவர்கள் ‘ஹி ரேன் இன்’ என்பார்கள், ஓட்டம்தான் முற்று, ‘இன்’ என்ற துண்டுச் சொல் வழியைச் சொல்லிவிடும். அதனால்தான் நம் பிள்ளைகள் ‘ஹி கேம் ரன்னிங்’ என்றே எப்போதும் எழுதுகிறார்கள். தப்பில்லை, ஆனால் பக்கம் பூராவும் அதுவே வந்தால் ஆங்கில வாடை இருக்காது.

உங்கள் விடுதி வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், இந்தத் துண்டுச் சொற்களைப் படிக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. இந்தத் தெருவில் முகப்பு, அந்தத் தெருவில் பின்வாசல். விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போது: படி ஏறி, ‘கோ அப் த ஸ்டெப்ஸ்’. திண்ணையைத் தாண்டி, ‘பாஸ்ட் த திண்ணை’, நிற்காமல் பக்கவாட்டில் விட்டுவிட்டுப் போவது. வாசல் வழியே, ‘த்ரூ த டோர்’, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருவது. வீட்டின் நடுப்பகுதியான வளவுக்குள், ‘இன்டு த வளவு’. வளவின் நடுவே வானம் பார்க்கும் முற்றத்தைக் குறுக்காகக் கடந்தால் ‘அக்ராஸ்’. முற்றத்தில் இறங்காமல் சுற்றுப் பத்தியோடு தூண்களை ஒட்டியே போனால் ‘அலாங்’, முழுசாக ஒரு சுற்று வந்தால் ‘அரௌண்ட்’. இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசலில் வெளியே வந்தால் ‘அவுட் ஆஃப்’. நடப்பது நெடுக ‘வாக்’ ஒன்றுதான், வழி மாற மாறத் துண்டுச் சொல் மட்டும் மாறிக்கொண்டே வரும். ஒரு நாள் விருந்தாளி இல்லாத நேரத்தில் தனியாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்து பாருங்கள். சமையல்கட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

‘எப்படி’ என்பது வினைக்குள் ஏறியதால்தான் நடையிலேயே அத்தனை ரகம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி நடந்து போகிறதே, அதில் ஒரு மணி நேரம் ரோட்டோரம் நின்றால் அத்தனை சொல்லும் கண்ணெதிரே போகும். முன்னால் கொட்டுச் சத்தத்துக்கு அடி வைத்துப் போகிறவர்கள் ‘மார்ச்’, ஒரே தாளத்தில் வைக்கும் கால். கால் நீண்ட இளவட்டம் அகல அகல அடி வைத்து முந்துகிறான், அது ‘ஸ்ட்ரைடு’ (stride), நீள அடியும் தன்னம்பிக்கையும் சேர்ந்தது. நாலாம் நாள் வெயிலில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, தலை குனிந்து வருகிறவர்கள் ‘ட்ரட்ஜ்’. ‘பிளாட்’டும் (plod) அதே மாதிரிதான், அதில் அலுப்பைவிட விடாப்பிடியான மந்த நடை தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே கோடு மெல்லியது, நானே சில வாக்கியங்களில் எதையும் போடுவேன். உள்ளங்காலில் கொப்புளம் வந்து ஒரு காலை மட்டும் தாங்கி வருகிறவர் ‘லிம்ப்’. இரண்டு காலும் விட்டுப்போய், கோலை ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வரும் பெரியவர் ‘ஹாபிள்’. மயக்கத்திலோ களைப்பிலோ பக்கவாட்டில் ஆடிக்கொண்டு வந்தால் ‘ஸ்டாகர்’, அது கள் குடித்தவனுக்கும் பொருந்தும், அதனால் காவடிக்காரரைச் சொல்லும்போது பார்த்துச் சொல்லுங்கள். கல் தடுக்கி ஒரு கணம் தடுமாறினால் ‘ஸ்டம்பிள்’. சாயங்காலம் கூடாரம் போட்டபின் சாப்பிட்டுவிட்டுக் காற்றாட நாலு எட்டு நடப்பது ‘ஸ்ட்ரோல்’. யாரும் எழுந்துவிடக் கூடாதே என்று விரல் நுனியில் நடந்தால் ‘டிப்டோ’, அதே நடையில் கள்ளத்தனமும் சேர்ந்தால் ‘ஸ்நீக்’. காவடி போகும்போதும் நடை, திரும்பும்போதும் நடை, அதற்கு ‘வாக் பேக்’ என்று சாதாரணமாகச் சொன்னால் போதும். அகராதியிலிருந்து பத்துச் சொல் பொறுக்கி ஒரே வாக்கியத்தில் திணிக்கிற வேலை வேண்டாம். சந்தேகமிருந்தால் ‘வாக்’ போட்டு, பக்கத்தில் ‘ஸ்லோலி’ போடுங்கள், குடி முழுகிப் போகாது.

ஊர் சுற்றுவதற்கு நம் பிள்ளைகள் ‘ரோம்’ என்கிறார்கள், ‘டிட் யூ ரோம் இன் காரைக்குடி சார்?’ என்று. அந்தச் சொல்லில் கட்டில்லாமல், போக்கிடம் தெரியாமல் திரிவது இருக்கிறது, மேய்ச்சல் மாட்டுக்கும் தெருநாய்க்கும் பொருந்துவது. ‘டிட் யூ ஹேவ் எ லுக் அரௌண்ட்?’ என்று கேளுங்கள். ‘வாண்டர்’ பரவாயில்லை, திட்டமில்லாமல் நடந்தாலும் அதில் ஒரு சுகம் உண்டு, பழைய சாமான் கடைத் தெருவுக்கு ரொம்பப் பொருத்தம். அதே போல வீடு மாறுவதற்கு ‘ஷிப்ட்’ என்கிறோம், அவர்கள் ‘மூவ்’ என்பார்கள்.

இன்னொரு மூன்று சொல், இது உங்கள் வேலைக்குப் பாதுகாப்பு விஷயம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் சிந்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நினைக்காமல் கால் வழுக்குவது ‘ஸ்லிப்’. வழவழப்பில் ஒரே சீராகச் சறுக்கிக்கொண்டு போவது ‘ஸ்லைடு’, பிள்ளைகள் வேண்டுமென்றே செய்வதும் இதுதான், இழுத்துத் திறக்கும் கதவும் இதுதான். சக்கரம் பிடிப்பு விட்டு இழுத்துக்கொண்டு போனால் ‘ஸ்கிட்’, அது பெரும்பாலும் வண்டிக்கு. ஆகவே ‘பீ கேர்ஃபுல், யூ மே ஸ்லிப்’. ‘யூ மே ஸ்லைடு’ என்றால் சறுக்கி விளையாட அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எந்த அகராதி வாங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலம்-தமிழ் அகராதி இந்த வேலைக்குப் போதாது, ‘ஸ்ட்ரோல்’லுக்கும் ‘ட்ரட்ஜ்’ஜுக்கும் ‘நட’ என்பதோடு ஓர் அடைமொழி சேர்த்து முடித்துவிடும். வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே போடுகிற அகராதி பாருங்கள், ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் மாதிரி. இணையத்தில் காசில்லாமலே பார்க்கலாம், உச்சரிப்பும் கேட்கலாம். அதில் பொருள் விளக்கத்தைவிடக் கீழே இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். சொல்லுக்குப் பின்னால் ‘டு’ வருகிறதா, ‘அட்’ வருகிறதா, ஒன்றுமே வராமல் இடம் நேராக வருகிறதா என்று மட்டும் கவனித்து, முழு வாக்கியமாக நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மேசையில் அடிக்கடி வருவது எப்படியும் ஒரு இருபது முப்பது வாக்கியம்தான் இருக்கும். எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள், பார்த்துத் தருகிறேன்.